சூரியனைப் பார்க்காத டிஸ்டில்டு வாட்டர் அண்ணா

சூரியனை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காமல், அதன் வெளிச்சத்தைப் பிடித்து வைத்துப் பதினான்கு வீடுகளுக்கு விளக்கேற்றிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் இருக்கிறார். மழை வருகிறதா என்று தெரிந்துகொள்ளக்கூட அவர் வானத்தைப் பார்க்க மாட்டார். தரையைப் பார்ப்பார். சொட்டு விழுந்திருந்தால் மழை.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கடைப் பலகையிலும் பெயர் இல்லை. 'பேட்டரி சார்ஜ் செய்யப்படும்' என்று மட்டும் இருக்கும். லாரிக்காரர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் அவர் டிஸ்டில்டு வாட்டர். வயதில் சிறியவர்கள் கூடவே ஓர் அண்ணா சேர்த்துக்கொள்வோம். காரணம், அவர் கக்கத்தில் எப்போதும் இருக்கும் வெள்ளைக் கேன். பேட்டரிக்குள் அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கும். அதில் தண்ணீர் மட்டும் நாளாவட்டத்தில் ஆவியாகிக் குறையும். குறைந்த இடத்தை உப்பு, மண் எதுவும் இல்லாத, காய்ச்சி வடித்த தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். அந்தத் தண்ணீரோடுதான் அவர் டீ குடிக்கப் போவார், ரேஷன் வாங்கப் போவார், கல்யாணத்துக்குப் போவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு வேன் கிளம்பவில்லை என்றதும் எல்லோரும் டிரைவரைத் தேடினார்கள். இவர் பந்தியிலிருந்து எழுந்துபோய், இலையில் பாயசம் காயக் காய, வேனுக்கு அடியில் படுத்துவிட்டார்.

மனிதர்களை அவர் 'நீ' என்பார். பேட்டரிகள் எல்லாம் 'அவர்'. லாரி பேட்டரி என்றால் பெரியவர், ஸ்கூட்டர் பேட்டரி என்றால் சின்னவர். ஓர் ஆட்டோக்காரர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தால் பேச்சு இப்படிப் போகும்:

"இன்னா நைனா, இவரை எத்தினி நாளா பட்டினி போட்டுகினு கீற?"

"இல்லண்ணே, நேத்து வரைக்கும் வண்டி நல்லா ஓடிச்சு."

"ஓடுனது வண்டி. இவரு உள்ள அழுதுகினு இருந்தாரு. நீ பாட்டுக்குப் பாட்டுப் போட்டுகினு சுத்திகினு இருந்த. அப்டி ஓரமா குந்து. இவரைத் தொடாத."

ஒரு கத்திரி வெயிலில் அவர் கடை வாசலில் ஒருவர் மயங்கி விழுந்தார். "தண்ணி, தண்ணி" என்று நாலு பேர் கத்தினார்கள். கடைக்குள் வரிசையாக ஆறு கேன் தண்ணீர். இவர் அதைத் தாண்டிக் குதித்து, சாலையைக் கடந்து, டீக்கடையிலிருந்து சோடா வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, கேன்களைப் பார்த்து, பிறகு இவரைப் பார்த்தார்.

"அதுல ஒண்ணுமே இல்லபா" என்றார் இவர். "மனுசனுக்கு உப்பு வோணும். அது இவங்களுக்கு மட்டும்தான்."

விளக்கம் சரிதான். ஆனாலும் அன்றிலிருந்து தெருவில் கஞ்சத்தனத்துக்கு அவர்தான் அளவுகோல்.

அவர் சட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமிலம் தெறித்துத் தெறித்து ஒவ்வொன்றும் கொசுவலை மாதிரி இருக்கும். அவர் மனைவி அவற்றை மற்றத் துணிகளோடு ஊறவைக்க மாட்டார். அதற்கென்று தனி வாளி, தனிக் கொடி.

நான் அப்போது தாம்பரத்தில் பௌதிகம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பம். கல்லூரி அறிவியல் மன்றத்துக்கு நான் செயலாளர். சூரிய மின்சாரத்தைப் பற்றி நூலகத்தில் மூன்று புத்தகங்கள் இருந்தன. மூன்றையும் படித்திருந்தேன். ஆகையால் எனக்கு எல்லாம் தெரியும்.

முடிச்சூர் வயல்களில் அப்போதுதான் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள் முளைக்கத் தொடங்கியிருந்தன. அவற்றையும் தாண்டி, ஏரிக்கு அந்தப் பக்கம், குவாரியில் கல் உடைப்பவர்கள் குடியிருந்த மேடு ஒன்று உண்டு. கல்மேடு. பதினான்கு வீடுகள். காற்று அந்தப் பக்கம் திரும்பினால் தாம்பரத்து மின்சார ரயிலின் ஊதல் அங்கே கேட்கும். ரயிலின் சத்தம் வந்ததே தவிர மின்சாரம் வரவில்லை. ஏரிப் புறம்போக்கில் கம்பம் நட விதியில் இடமில்லை. மழைக்காலத்தில் ஏரி வழிந்தால் பாதையும் போய்விடும். தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேர சைக்கிள் தூரம்தான். ஆனால் அமாவாசை இருட்டில் அங்கே நின்றால் இமயமலை பக்கத்தில் என்று தோன்றும்.

எங்கள் மன்றம் வடக்கே ஒரு தொண்டு அமைப்புக்கு விடாமல் கடிதம் எழுதியது. எழுதியது நான்தான். தொல்லை தாங்காமல் அவர்கள் நான்கு சூரியத் தகடுகளை அனுப்பிவைத்தார்கள். ஒரு வருஷம் சோதனை. வருஷக் கடைசியில் ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார். விளக்கு எரிந்தால் எல்லாம் கல்மேட்டுக்கே சொந்தம். எரியாவிட்டால் கழற்றி ராஜஸ்தானுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வேறொரு ஊர் காத்திருந்தது. தகடுகளோடு அனுப்பிய பேட்டரிகள் வழியிலேயே விரிசல் விட்டு, லாரியின் தரைப் பலகையைத் தின்றுவிட்டு வந்து சேர்ந்தன. அதனால்தான் டிஸ்டில்டு வாட்டர் அண்ணாவிடம் போனேன்.

தகட்டை அவர் முன்னால் பெருமையோடு நிமிர்த்தி வைத்தேன். அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"கண்ணாடி. சரி. வெயிலு எத்தினி மணிக்கு வரும்?"

"காலைல ஆறு மணிக்கு அண்ணா."

"எப்போ போவும்?"

"சாயந்தரம் ஆறு."

"அவங்களுக்கு வெளக்கு எப்போ வோணும்?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் மனசில்லை. "ஆறு மணிக்கு மேல."

"அப்போ உன் கண்ணாடி டூட்டி முடிச்சுட்டு போன பொறவுதான் வேலையே கீது. அத்த யாரு செய்றது?" என்று கேட்டுவிட்டு, மூலையிலிருந்த இரண்டு லாரி பேட்டரிகளைத் தட்டிக்கொடுத்தார். "இவங்க ரெண்டு பேரும் ரிட்டயர் ஆயிட்டாங்க. இனிமே லாரி இழுக்க முடியாது. ஒரு எடத்துல குந்தி நாலு புள்ளைங்களுக்கு வெளக்கு காட்டலாம். இட்டுகினு போ."

அன்றிலிருந்து நான் அவருக்குக் கண்ணாடித் தம்பி. கூரைக்கு மேலே இருப்பது என் இலாகா. கீழே இருப்பது அவருடையது. இருவரும் அடுத்தவர் இலாகாவை மதித்ததே இல்லை.

கல்மேட்டில் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக ஒரு சின்ன அறை கட்டினோம். உள்ளே பெரியவர்கள் இரண்டு பேர். கூரை மேல் தெற்கே சாய்த்து நான்கு தகடுகள். தெற்கே குவாரிப் பள்ளம் என்பதால் கீழே நின்றால் தகடுகளின் முதுகுதான் தெரியும். முகத்தைப் பார்க்க ஏணி வைத்து ஏற வேண்டும், அல்லது கொக்காகப் பிறந்திருக்க வேண்டும்.

பேட்டரியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஊர்க்காரர்கள் பத்தாவது வரை படித்த ஒரு பையனை முன்னால் தள்ளினார்கள். டிஸ்டில்டு வாட்டர் அண்ணா அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ஒவ்வொரு வூட்லேந்தும் ஊறுகா ஜாடி எடுத்துகினு வாங்க."

பதினான்கு ஜாடிகள் வந்தன. சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். மோந்து பார்த்தார். ஜாடியின் விளிம்பை விரலால் தடவினார். பூஞ்சை பிடித்தது, தண்ணி விட்டது, மூடி சரியாக மூடாதது என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினார். பதினோராவது ஜாடியில் நின்றார். போன வருஷத்து எலுமிச்சை. ஒரு புள்ளி பூஞ்சை இல்லை.

"இத்த யாரு போட்டது?"

"நான்தான்யா" என்று முன்னால் வந்தார் கன்னியம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். குவாரியில் ஜல்லி உடைப்பவர். கணவர் அதே குவாரியில் பாறை சரிந்து போய்ச் சேர்ந்து பத்து வருஷம். "இன்னா கொறையக் கண்ட அதுல?"

"உப்பு ஜாஸ்தி."

"அப்போ துன்னாத."

"நீதான் இவங்களைப் பாத்துக்கணும்" என்றார் அண்ணா. பிறகு திகைத்து நின்ற எங்களுக்கு விளக்கினார்: ஊறுகாய்க்கும் பேட்டரிக்கும் சட்டம் ஒன்றுதான். ஈரக் கை கூடாது. அவசரக் கை கூடாது. வேலையில்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் மூட மறக்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு வருஷம் செய்து காட்டியவருக்கு எதற்குப் பத்தாவது?

அவர் கன்னியம்மாவிடம் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்தார். ஹைட்ரோமீட்டர். ஒரு முனையில் ரப்பர் பந்து. அமுக்கி விட்டால் பேட்டரித் தண்ணீரை உறிஞ்சும்; உள்ளே ஒரு மிதவை எழும்பும். மிதவையில் மூன்று வண்ணங்கள். பச்சை என்றால் பேட்டரிக்கு வயிறு நிறைந்திருக்கிறது. வெள்ளை என்றால் அரை வயிறு. சிவப்பு என்றால் பசி. வேப்பமரத்தில் ஒரு துண்டு தண்டவாளத்தைக் கட்டித் தொங்கவிட்டோம். தினமும் மாலை ஆறு மணிக்குக் கன்னியம்மா பார்த்துவிட்டு அடிப்பார். மூன்று அடி என்றால் ஒன்பது மணிவரை விளக்கு. இரண்டு என்றால் எட்டு. ஒன்று என்றால் அன்றைக்கு மண்ணெண்ணெய்ச் சிம்னிதான்.

முதல் நாள் மூன்று அடி விழுந்தது. பதினான்கு வீட்டிலும் ஒரே நேரத்தில் குட்டிக் குழல்விளக்குகள் எரிந்தன. பெண்கள் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போய், தெரிந்த பாத்திரங்களையே புதுசாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருவர் தன் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அழுக்காவா இருந்தோம்" என்று உடனே சுண்ணாம்பு தேடப் போனார். டிஸ்டில்டு வாட்டர் அண்ணாவை மட்டும் காணோம். பேட்டரி அறைக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"யோவ், வெளில வந்து பாருய்யா" என்றார் கன்னியம்மா.

"எரியுதுல்ல?"

"எரியுது."

"அப்பறம் பாக்க இன்னா கீது."

அந்த டிசம்பரில் எட்டு நாள் வெயிலே இல்லை. தண்டவாளத்தில் ஒற்றை அடி விழத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை நேரம். மூன்றாவது நாள் கொட்டும் மழையில், ஏரித் தண்ணீர் முழங்கால் அளவு ஓடும் பாதையில், ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்தது. மிதித்துக்கொண்டு வந்தவர் டிஸ்டில்டு வாட்டர் அண்ணா. பின்னால் கடையில் சார்ஜ் ஏற்றிய இன்னொரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மேலே குடை கட்டியிருந்தது. அண்ணாவுக்குக் குடை இல்லை. சட்டையின் ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் தனித்தனியாகத் தண்ணீர் ஒழுகியது.

இப்படி ஒரு வருஷம் ஓடி, ஆயுத பூஜை வந்தது. கன்னியம்மா சந்தனக் கிண்ணத்தோடு பேட்டரி அறை வாசலில் நின்றார். அண்ணா வழியை மறித்தார்.

"இவங்க மேல ஒண்ணும் படக் கூடாது. சந்தனம், மஞ்சத் தண்ணி, பூவு, ஒண்ணும்."

"பூஜ போடலன்னா சாமி கோச்சுக்கும்யா."

"சாமிய என் கடைக்கு அனுப்பு. நான் பேசிக்கிறேன்."

கன்னியம்மா ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் என்ன அர்த்தம் என்று நாங்கள் அன்றைக்கு யோசித்திருக்க வேண்டும்.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் மூன்று அடி இரண்டாயிற்று. ஆறாம் நாள் ஒன்று. வானத்தில் பொட்டு மேகமில்லை; மழை தள்ளிப்போயிருந்தது. கொளுத்தும் வெயில், ஊரில் இருட்டு. அதே வாரம் கடிதம் வந்தது. பத்தாம் நாள் பொறியாளர் வருகிறார்.

நான் வோல்ட்மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். உச்சி வெயிலில், கூரையிலிருந்து இறங்கும் கம்பியைக் கழற்றி வைத்து அளந்தேன். வோல்ட் இம்மி பிசகாமல் இருந்தது. தகடுகள் சரி என்றால் கோளாறு பேட்டரியில்தான். கிழட்டு லாரி பேட்டரிகள், வேறென்ன. பொறியாளரிடம் கொடுக்க ஒரு கடிதமே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பழுதடைந்த பேட்டரிகளே காரணம், வேறு பேட்டரிகள் தந்து எங்களுக்கு இன்னொரு வாய்ப்பு தரவும் என்று.

பேட்டரி அறையில் அண்ணாவிடம் அதைச் சொன்னேன். அவர் ஹைட்ரோமீட்டரை எடுத்தார். ஒரு பேட்டரிக்கு ஆறு அறை. இரண்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. பன்னிரண்டிலும் உறிஞ்சிக் காட்டினார். பன்னிரண்டிலும் மிதவை ஒரே இடத்தில் நின்றது. சிவப்பு.

"பாத்தியா. பன்னெண்டு வயிறும் ஒரே பசி. நோவுன்னா ஒரு வயிறு கெடும், ரெண்டு வயிறு கெடும். எல்லாம் ஒண்ணா காஞ்சா அது நோவு இல்ல. சோறு வரல."

"அண்ணா, வோல்டேஜ் கரெக்டா இருக்கு. நானே பாத்தேன். பேனல்ல ஓடற பார்ட்டே கிடையாது. அது கெடவே கெடாது."

"என் பெரியவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

"என் மீட்டரும் சொல்லாது."

வாக்குவாதத்தில் அவர் கையிலிருந்த குழாயிலிருந்து ஒரு சொட்டு என் சட்டைப் பையில் விழுந்தது. சட்டையில் ஓட்டை. உள்ளே கடிதத்திலும் ஓட்டை. எடுத்துப் பார்த்தால், சரியாகப் 'பழுதடைந்த பேட்டரிகளே' என்ற இடம் காணாமல் போயிருந்தது.

நான் குரலைத் தாழ்த்தினேன். "அண்ணா, ஒரே ஒரு நாள். கடைலேந்து சார்ஜ் பண்ண பேட்டரி ரெண்டு எடுத்துட்டு வந்து வெச்சிடுங்க. அவங்க பாத்துட்டுப் போயிடட்டும். அப்பறம் நிதானமா கண்டுபிடிக்கலாம்."

"மாட்டேன்."

"டிசம்பர்ல எடுத்துட்டு வந்தீங்களே."

"அது புள்ளைங்க படிக்க. இது பொய் சொல்ல." பேட்டரியின் மூடியைத் திருகி மூடினார். "வர்ற இஞ்சினியரம்மாகிட்ட பொய்ய நீ சொல்லிடுவ. இவங்க மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?"

பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு ஜீப்பில் பொறியாளர் வந்தார். முப்பது வயதுப் பெண்மணி. தமிழ் நன்றாகப் பேசினார். நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா முந்திக்கொண்டார்.

"நாலு நாளா செவப்பும்மா. ஒத்த அடிதான் அடிக்கிறேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பொறியாளர் குறிப்பேட்டில் எழுதினார். "எனக்குச் செங்கல்பட்டுப் பக்கம் இன்னொரு வேலை இருக்கு. சாயந்தரம் ஆறு மணிக்கு வரேன். விளக்கு எரிஞ்சா சரி. எரியலன்னா நாளைக்குக் கழட்ட ஆள் வரும். ராஜஸ்தான்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

ஜீப் போய்விட்டது. பெண்கள் குவாரிக்கும் போகாமல் நின்றார்கள். டிஸ்டில்டு வாட்டர் அண்ணா பேட்டரி அறைக்குள் போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார்.

"சோறு வரலன்னா அடுப்பங்கரையப் பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏணியை எடுத்துக் கூரையில் சாய்த்தார்.

மேலே ஏறும்போதுகூட அவர் மேலே பார்க்கவில்லை. ஒவ்வொரு படியையும் குனிந்து பார்த்தபடி ஏறினார். கடைசிப் படியில் வேறு வழியில்லாமல் தலையைத் தூக்கினார்.

"கண்ணாடித் தம்பி" என்றார். "மேல வா."

ஏறினேன். நான்கு தகடுகளும் நான்கு மணப்பெண்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு தகட்டிலும் குறுக்கே மூன்று பட்டை விபூதி. மேலே காய்ந்த சாமந்தி மாலை. ஒரு தகட்டில் முப்பத்தாறு சின்னக் கட்டங்கள் உண்டு. ஒன்று விடாமல் ஒவ்வொரு கட்டத்திலும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம். நூற்று நாற்பத்து நான்கு பொட்டுகள்.

ஒரு கட்டத்தின் மேல் நிழல் விழுந்தால்கூட அந்தத் தகடு முழுக்கத் தளர்ந்துவிடும்; கழற்றி வைத்து அளந்தால் வோல்ட் அவ்வளவாகக் குறையாது, ஆனால் வேலை செய்யும் தெம்பு போய்விடும் என்று நூலகத்தின் மூன்று புத்தகங்களிலும் இருந்தது. படித்திருந்தேன். ஏறிப் பார்க்கத்தான் இல்லை. என் இலாகா.

"கன்னிம்மா, வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம தொடைக்கச் சொன்னேனே" என்று கீழே குரல் கொடுத்தேன்.

"பொட்ட எப்டித் தொடைக்கிறது?" என்றார் அவர். "உன் அண்ணன் பெரியவங்களுக்கு வெக்கக் கூடாதுன்னுட்டாரு. இதுங்களும் வருசம் பூரா வெயில்ல காயுதுங்க. இதுங்களுக்காவது வெப்போம்னு வெச்சேன். ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வுட்டா மனசு கஷ்டப்படும்ல. மழ வந்தா தானா போவும்னு வுட்டுட்டேன்."

நான் இறங்கி, ஈரத் துணியோடு மறுபடி ஏணியில் காலை வைத்தேன். கன்னியம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, துணிய வை."

"ஆறு மணிக்குள்ள..."

"எனக்கும் தெரியும் ஆறு மணின்னு." அவர் குரலை உயர்த்தவில்லை. "என் பொட்ட நாலு பேரு புடிச்சுகினு அழிச்சாங்க. அது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். இதுங்க மேல துணி வெக்க வுட மாட்டேன். வெளக்கு போனா போவட்டும்."

துணியைக் கீழே வைத்தேன்.

டிஸ்டில்டு வாட்டர் அண்ணா ஏணியிலிருந்து இறங்கினார். மீன்பாடி வண்டிக்குப் போனார். தாம்பரத்திலும் மறைமலை நகரிலும் பல பேட்டரிகளுக்குப் போக வேண்டிய தண்ணீர், ஆறு கேன் இருந்தது. இரண்டு கைகளிலும் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அழிக்கல கன்னிம்மா. குளிப்பாட்டுறேன். பூஜ முடிஞ்சா சாமிக்கே தண்ணி ஊத்துறாங்கல்ல."

கன்னியம்மா கேன்களைப் பார்த்தார். "இந்தத் தண்ணியா?"

"இதேதான்."

மயங்கி விழுந்தவனுக்குக்கூடக் கிடைக்காத தண்ணீர் அது என்று கல்மேட்டுக்கும் தெரியும். கன்னியம்மா ஏணியை விட்டு நகர்ந்து நின்றார்.

"மொதல்ல மாலைய எடு. பாத்து. தலையோட ஊத்து, மூஞ்சில அடிக்காத."

அவர் உச்சியிலிருந்து மெல்ல ஊற்றினார். கையைக்கூட வைக்கவில்லை. நான் கீழேயிருந்து கேன்களை ஏற்றிக் கொடுத்தேன். காய்ந்த சந்தனம் ஊறி, கரைந்து, ஓட்டின் விளிம்பிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக இறங்கியது. கன்னியம்மா முதலில் கையை நீட்டி வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டார். உடனே ஊரே வந்து கை நீட்டியது. பிள்ளைகள் குவித்த கையை வாய்க்குக் கொண்டுபோனார்கள்.

"குடிக்காதீங்கடா" என்று மேலேயிருந்து கேட்டது. "அதுல ஒண்ணுமே இல்ல."

ஆறாவது கேன் காலியானபோது தகடுகள் வாங்கி வந்த அன்றைக்கு இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தன. உப்பில்லாத தண்ணீர், திட்டுக்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஆறு மணிவரை அவர் பேட்டரி அறையை விட்டு வெளியே வரவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் உள்ளேயிருந்து செய்தி மட்டும் வரும்.

"சாப்பிடுறாரு."

"ரெண்டாவது ஆளும் சாப்பிடுறாரு."

ஆறு மணிக்கு ஜீப் வந்தது. கன்னியம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், குழாயை வைத்து உறிஞ்சி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேப்பமரத்துக்கு நடந்தார். சுத்தியலை எடுத்தார்.

ஓர் அடி.

இரண்டாவது அடி. சுத்தியலை மாட்டிவிட்டார்.

"கன்னிம்மா, இன்னிக்கு மட்டும் மூணா அடிச்சிடுங்களேன்" என்று அவர் காதருகே சொன்னேன்.

"வெள்ளதான் காட்டுது. ரெண்டுதான்."

பதினான்கு விளக்குகளும் எரிந்தன. பொறியாளர் எல்லா வீடுகளையும் பார்த்தார். ஏன் இரண்டு அடி என்று கேட்டார். கன்னியம்மா பச்சை, வெள்ளை, சிவப்பு எல்லாம் சொல்லி, "இன்னிக்கு எட்டு மணி வரிக்கும்தாம்மா. பெரியவங்க அர வயிறுதான் சாப்ட்ருக்காங்க" என்றார். பொறியாளர் எட்டு மணிவரை அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கோடி வீட்டில் ஒரு விளக்கு அணைந்தது. அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. பதினான்கும் அணைந்த பிறகு அந்த அம்மாள் டார்ச் வெளிச்சத்தில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் குறிப்பேட்டை மூடினார்.

"ராஜஸ்தானுக்கு வேற பாத்துக்கலாம்" என்றார்.

ஓட்டை விழுந்த கடிதத்தை நான் குவாரிப் பள்ளத்தில் போட்டேன்.

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். கன்னியம்மா பேட்டரி அறை வாசலில் போய் நின்று, "யோவ், இன்னிக்காவது வெளில வாய்யா" என்றார். அவர் வந்தார். விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். கூரையைப் பார்க்கத் தூக்கிய தலை அப்படியே இன்னும் கொஞ்சம் மேலே போனது. ஏரிக்கு மேல் நட்சத்திரங்கள் வரத் தொடங்கியிருந்தன.

"மேல இவ்ளோ எடம் கீதா" என்றார்.

கல்மேட்டுக்குப் போன வருஷம் மின்கம்பங்கள் வந்துவிட்டன. இருந்தாலும் தெருவிளக்கு இன்னும் அந்த நான்கு தகடுகளில்தான் எரிகிறது. பெரியவர்கள் போய், அவர்கள் இடத்தில் வேறு இரண்டு பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். கன்னியம்மா ஆறு மணிக்குத் தண்டவாளத்தை அடிக்கிறார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நூற்று நாற்பத்து நான்கு பொட்டு வைக்கிறார். மறுநாள் காலை டிஸ்டில்டு வாட்டர் அண்ணா குளிப்பாட்ட வருகிறார். அவர்கள் இருவருக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம்.

ஆகவே அன்று காலை முடிச்சூர் சாலையில், கொசுவலைச் சட்டை போட்ட ஒருவர் மீன்பாடி வண்டியில் ஆறு வெள்ளைக் கேன்களோடு எதிரே வந்தால் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள். இப்போது எனக்கு வேலை வேறு ஊரில். ஆயுத பூஜைக்கு மறுநாள் மட்டும் லீவு போட்டுவிடுவேன். அவர் என்னை ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவர் ஏணியில் ஏறும்போது மேலே பார்த்துக்கொண்டே ஏறுகிறார். கீழே யாராவது ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.